பால்மரமும் காரின் மூச்சும்



மலாக்கா நகரிலிருந்து கடலோரமாக வடமேற்கே செல்லும் சாலையில் போனால் தஞ்சோங் கிளிங், தங்கா பத்து, சுங்கை ஊடாங், மஸ்ஜித் தானா என்று ஊர்கள் வருகின்றன. இந்தச் சாலையின் இருபுறமும் ஒரு காலத்தில் பால்மரங்கள் நின்றதைப் பெரியவர்கள் அறிவார்கள். தங்கா பத்து பக்கத்திலேயே 1994ஆம் ஆண்டு முதல் பெட்ரோனாஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கி வருகிறது. கார் ஓடுவதற்கு வேண்டிய ரப்பரும் பெட்ரோலும் நம் வாசலிலேயே இருக்கின்றன என்று சொல்லலாம். இவற்றோடு காருக்கு மூன்றாவதாக ஒன்றும் வேண்டும். அதுதான் காற்று. காற்றுக்கு யாரும் விலை கேட்பதில்லை. ஆனால் நுழையக் கூடாத வழியில் நுழைந்துவிட்டால், அது நம்மிடம் பெரிய விலையைக் கேட்டு வாங்கிவிடுகிறது. அந்தக் கதையைத்தான் இன்று பேசப் போகிறோம்.

நாம் அறிந்த ஒரு தோட்டக் குடும்பத்தில் நடந்ததை முதலில் சொல்லுகிறோம். கணவனும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை செய்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய காரை வாங்கினார்கள். தாயாரை மாதா மாதம் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. அதற்காகவே வாங்கிய கார் அது. நான்கு மாதம் நன்றாக ஓடியது. பிறகு சந்திப்பில் நிறுத்தினால் எஞ்சின் குலுங்கும்; சில வேளை அணைந்தே போகும். ஓடத் தொடங்கிவிட்டால் ஒரு குறையும் தெரியாது. பட்டறையில் காட்டினார்கள். கார்புரேட்டர் கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. கார்புரேட்டர் மாறியது, குலுக்கல் மாறவில்லை. அடுத்து எஞ்சினையே பிரிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது.

அந்தச் சமயத்தில் தோட்டத்து லாரியை முப்பது ஆண்டுகள் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். சற்று நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார்.

“தம்பி, எஞ்சின் கெடல. எங்கேயோ காத்து திருட்டுத்தனமா உள்ள போகுது” என்றார்.

“கார்புரேட்டரையே மாத்திட்டோமே, பெரியப்பா?”

“கார்புரேட்டர் வாசல். திருடன் வாசல் வழியா வர்றதில்ல, தம்பி.”

கார்புரேட்டருக்குக் கீழே, எஞ்சினின் பின்புறம், கண்ணில் படாத இடத்தில் ஒரு சிறிய ரப்பர் குழாய் முனையில் வெடித்திருந்தது. புதுக் குழாய் ஒரு சாண் நீளம் போட்டதும் கார் அமைதியாக நின்று ஓடியது. வெடித்த குழாய் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. அதற்காக இரண்டு வளையல்கள் போயிருந்தன. எய்தவன் இருக்க அம்பை நோவது என்பார்களே, அதுதான் இங்கே நடந்தது.

அந்தப் பெரியவர் எப்படிக் கண்டுபிடித்தார்? அதை அறிய நாம் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

காற்றுக்கு எடையும் அழுத்தமும் உண்டு என்பதை மனிதன் அறிந்தது நானூறு ஆண்டுகளுக்குள்தான். இத்தாலியில் டாரிசெல்லி என்பவர் 1643ஆம் ஆண்டு வாக்கில் பாதரசம் நிறைந்த கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்துக் காட்டினார். நம்மைச் சுற்றியுள்ள காற்று சுமார் 30 அங்குல உயரப் பாதரசத்தைத் தாங்கி நிறுத்துகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. 1650களில் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரைச் சேர்ந்த ஓட்டோ ஃபான் கெரிக்கே, இரண்டு உலோகக் கிண்ணங்களை ஒன்றோடொன்று சேர்த்து உள்ளிருந்த காற்றை வெளியேற்றினார். குதிரைகளைப் பூட்டி இழுத்தும் அவற்றைப் பிரிப்பது பெரும்பாடாக இருந்தது. காற்றை உள்ளே விட்டதும் கிண்ணங்கள் தாமாகவே பிரிந்தன. ஒரு சிறு துவாரம் திறந்தாலும் வெளிக்காற்று பாய்ந்து உள்ளே போகும் என்பதுதான் இதன் பாடம்.

கார் எஞ்சினும் இப்படிப்பட்ட ஒரு காற்று யந்திரமே. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்றோடு பெட்ரோலைச் சரியான அளவில் கலக்க வேண்டும். 1886ஆம் ஆண்டில் கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்கு உரிமை பெற்ற காலத்தில், பெட்ரோலை ஆவியாக்கிக் காற்றோடு கலந்தார்கள். 1893ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும் பெட்ரோலை நுண்துளை வழியே தூவும் கார்புரேட்டரை உருவாக்கினார்கள். வேகமாகப் போகும் காற்று தன்னோடு பெட்ரோலையும் இழுத்துக்கொண்டு போயிற்று.

கலவை அளவு எவ்வளவு? எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். வேறு விதமாகச் சொன்னால், 1 லிட்டர் பெட்ரோல் எரிய சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். நாம் பெட்ரோல் தொட்டியையே பார்த்துக் கொண்டிருக்கிறோம். எஞ்சினோ பெரும்பாலும் காற்றைத்தான் தின்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய மோரிஸ் மைனர் போன்ற கார்களில் எஸ்.யூ. என்ற கார்புரேட்டர் இருந்தது. ஸ்கின்னர் என்ற ஆங்கிலேயச் சகோதரர்கள் அதை 1900களின் முதல் பத்தாண்டில் உருவாக்கினார்கள். அவர்கள் காலணி வணிகக் குடும்பத்தினர். அவர்களுடைய முதல் கார்புரேட்டர்களில் கொல்லன் துருத்தியைப் போன்ற ஒரு தோல் துருத்தி இருந்தது. பின்னர் அதை விட்டு உலோகப் பிஸ்டனுக்கு மாறினார்கள். தோலாயினும் ரப்பராயினும் வளைந்து கொடுக்கும் பொருள் நாளடைவில் தேய்ந்து வெடிக்கும். காரின் மூச்சுக் குழாய் வரலாறு நெடுகிலும் இந்தத் தொல்லை கூடவே வந்திருக்கிறது.

இனி ரப்பரின் பக்கம் வருவோம். அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டில், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாது, குளிரில் விறைக்காது என்று கண்டார். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்குப் போயின. 1877ஆம் ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக 1888ஆம் ஆண்டில் வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். போகிறவர் வருகிறவர் பைகளிலெல்லாம் ரப்பர் விதைகளைத் திணித்து, நடச் சொல்லிக் கெஞ்சினாராம். அதனால் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்ற பட்டமும் கிடைத்தது.

அவர் பேச்சை முதலில் நம்பி வணிக முறையில் நட்டவர் நம் மலாக்காக்காரர். தான் சாய் யான் என்ற அந்தச் சீனப் பெருமகனார் 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் பால்மரம் நட்டார். பிறகு புக்கிட் ஆசஹானில் பெரிய அளவில் நட்டார். மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தொழில் அங்கேதான் வேர்விட்டது. 1908ஆம் ஆண்டில் ஃபோர்டு கம்பெனியின் டி மாடல் கார் வெளிவந்தது. 1927ஆம் ஆண்டு வரை ஒன்றரைக் கோடி கார்கள் செய்யப்பட்டன. ஒவ்வொரு காருக்கும் டயர் வேண்டும். அந்த டயருக்காகத்தான் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து நம் பாட்டன் பாட்டிமார் கங்காணியின் பின்னே கப்பலேறி வந்தார்கள். கொத்தடிமை ஒப்பந்த முறை 1910ஆம் ஆண்டில் முடிவுற்றது. கங்காணி முறை 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரை தொடர்ந்தது. அவர்கள் விடியுமுன் எழுந்து சீவிய பால் எங்கே போகிறது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. காரில் ஏறாமலேயே காருக்காக உழைத்து முடிந்தவர்கள் அவர்கள்.

டயரோடு ரப்பரின் வேலை முடியவில்லை. கார்கள் வளர வளர, எஞ்சின் உறிஞ்சும் அந்தச் சக்தியையே வேறு வேலைகளுக்கும் பயன்படுத்தினார்கள். கண்ணாடி துடைக்கும் கருவிக்கு, பிரேக்கை அழுத்த உதவும் சாதனத்துக்கு, தீப்பொறி நேரத்தை முன்னே பின்னே நகர்த்துவதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய் போயிற்று. 1960களிலும் 1970களிலும் அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தபின், எஞ்சின் மேல் சிறு ரப்பர் குழாய்கள் இன்னும் பெருகின. 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் வெளிவந்த நம் நாட்டு முதல் கார் புரோட்டான் சாகாவும் கார்புரேட்டர் வண்டிதான். 1994ஆம் ஆண்டில் வந்த பெரோடுவா கஞ்சிலும் அப்படியே தொடங்கியது. தோட்டத்துப் பிள்ளைகள் பலரின் முதல் கார் இவற்றில் ஒன்றாக இருந்திருக்கும்.

தொடக்கத்தில் இந்தக் குழாய்களெல்லாம் இயற்கை ரப்பரால் ஆனவை. இயற்கை ரப்பருக்கு இணையான இழுவையும் வலுவும் அரிது. ஆனால் அதற்குப் பகைவர்கள் உண்டு: எண்ணெய் பட்டால் ஊதிப்போகும், சூடு பட்டால் நாளடைவில் விறைக்கும், காற்றிலுள்ள ஓசோன் என்ற வாயு, இழுபட்டு நிற்கும் ரப்பரில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். பரணில் கிடந்த பழைய சைக்கிள் ட்யூபை எடுத்து வளைத்துப் பாருங்கள், புரியும். அதனால் 1930களிலிருந்து எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பர்கள் வந்து, எஞ்சின் குழாய்களில் இடம் பிடித்தன. இன்று நம் பால்மர ரப்பர் பெரும்பாலும் டயரிலும், எஞ்சினைத் தாங்கும் மெத்தைகளிலும் இருக்கிறது. செயற்கைக் குழாய்க்கும் ஆயுள் உண்டு. நம் வெயிலில் எஞ்சின் மூடிக்குள் வெந்து வெந்து அதுவும் ஒரு நாள் வெடிக்கத்தான் செய்யும்.

சரி, சந்திப்பில் குலுங்கிய கார் சாலையில் நன்றாக ஓடியது ஏன்? காலை எடுத்துவிட்டு நிற்கும்போது காற்றுக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. எஞ்சின் எடுக்கும் காற்று மிகக் குறைவு. உறிஞ்சும் சக்தியோ மிக அதிகம், 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவு வரை இருக்கும். வெடிப்பு வழியாகக் காற்று பாய்ந்து நுழைகிறது. ஒரு குவளைத் தேநீரில் ஒரு கரண்டித் தண்ணீர் கூடினால் ருசி கெடும் அல்லவா? வேகமாகப் போகும்போது கதவு திறந்து காற்று ஏராளமாக வருகிறது, உறிஞ்சலும் குறைந்துவிடுகிறது. அதே ஒரு கரண்டித் தண்ணீரை அண்டாத் தேநீரில் ஊற்றியது போலத்தான். ஆகவே, நிற்கும்போது தொல்லை, ஓடும்போது தொல்லையில்லை என்றால் காற்றுக் கசிவை முதலில் சந்தேகிக்க வேண்டும். பிளக், தீப்பொறி நேரம், அழுக்கான பெட்ரோல் ஆகியவையும் இதே குறியைக் காட்டலாம். அதனால்தான் சோதித்துப் பார்க்காமல் எந்தப் பொருளையும் மாற்றக் கூடாது என்கிறோம்.

சோதிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்லுகிறோம். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டால் நச்சுப்புகை உயிரைக் குடிக்கும். கியரை விடுவித்துக் கைப்பிரேக்கை இழுத்து வையுங்கள். சேலை முந்தானை, தளர்ந்த சட்டைக் கை, தலைமுடி ஆகியவை காற்றாடிப் பக்கம் போகக் கூடாது.

முதலாவது, கண்ணும் கையும். எஞ்சின் அணைந்து குளிர்ந்திருக்கும்போது ஒவ்வொரு ரப்பர் குழாயையும் மெல்ல வளைத்துப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் முனைகளில்தான் இருக்கும். விறைத்துப் போனதும், தொட்டால் கழன்று வருவதும் சந்தேகத்துக்குரியவை.

இரண்டாவது, காது. மூன்றடி நீள ரப்பர் குழாய் ஒன்றை எடுத்து ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை ஓடும் எஞ்சினின் குழாய்கள் நெடுகக் கொண்டு போங்கள். கசிவு உள்ள இடத்தில் பாம்பு சீறுவது போன்ற ஓசை கேட்கும். லாரிக்காரப் பெரியவர் செய்தது இதைத்தான்.

மூன்றாவது, அழுத்திப் பார்ப்பது. சந்தேகமான குழாயைத் துணி சுற்றிய குறடால் மெல்ல இறுக்கினால், எஞ்சினின் ஓட்டம் உடனே சீராகிறதா என்று கவனியுங்கள். சீரானால் கசிவு அந்தக் குழாயிலோ, அது போய்ச் சேரும் கருவியிலோ இருக்கிறது. கார்புரேட்டர் வண்டியில் சோக்கைப் பாதி இழுத்ததும் ஓட்டம் சீரானால், காற்று மிகுந்துவிட்டது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

நான்காவது, தண்ணீர். தெளிப்பான் வைத்து, கார்புரேட்டர் அடியிலும் கேஸ்கெட் ஓரங்களிலும் சிறிது தூவினால், நீர் வெடிப்பை ஒரு கணம் அடைக்கும், ஓட்டம் மாறும். தீப்பொறிக் கம்பிகள் மீதும், பழுக்கச் சூடான புகைக்குழாய் மீதும் படவிடாதீர்கள். சிலர் இதற்குப் பெட்ரோலையே தெளிக்கிறார்கள். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஒரு பொறி போதும், வண்டியும் போகும், ஆளும் போவார்.

பிரேக் உதவிக் குழாயைத் தனியாகச் சோதிக்க வேண்டும். எஞ்சின் அணைந்திருக்கும்போது பிரேக்கை நான்கைந்து முறை மிதித்து, காலை அழுத்தியபடியே எஞ்சினை இயக்குங்கள். பிரேக் சற்றுக் கீழே இறங்கினால் நல்லது. இறங்காமல் கல்லாக நின்றால் அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டு போகாதீர்கள்.

பட்டறைகளில் உறிஞ்சலை அளக்கும் மானி உண்டு. முள் வழக்கத்தை விடக் கீழே நிலையாக நின்றால் கசிவு இருக்கலாம். தீப்பொறி நேரம் பிந்தினாலும் அப்படியே நிற்கும். ஆகவே மானியைக் காதோடும் கையோடும் சேர்த்தே நம்ப வேண்டும். 1967ஆம் ஆண்டில் ஜெர்மனியின் போஷ் கம்பெனி மின்னணு முறையில் பெட்ரோல் தூவும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன் வழிவந்தவையே இன்றைய கார்கள். இவற்றில் கம்ப்யூட்டரோடு கருவியை இணைத்தால் பி 0171 போன்ற எண் வரலாம். கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்திருக்கிறது என்பதே அதன் பொருள். எந்த இடத்தில் கசிகிறது என்பதை அந்த எண் சொல்லாது. அதற்கு, அணைந்திருக்கும் எஞ்சினுக்குள் மெல்லிய அழுத்தத்தில் புகையைச் செலுத்திப் பார்க்கிறார்கள். எங்கே புகை வெளிவருகிறதோ, அங்கே ஓட்டை. கெரிக்கேயின் காற்றைக் கண்ணால் காண வைத்த முறை இது.

கண்டுபிடித்தபின் வெடித்த குழாயை டேப்பால் சுற்றாதீர்கள். சூட்டில் அது இளகிவிடும். சைக்கிள் ட்யூபை வெட்டிக் கட்டுவதும் கூடாது. எண்ணெய் ஆவி பட்டு ஊதி, அது மீண்டும் கசியும். அதே உள்ளளவுள்ள, அதற்கென்று செய்த குழாயைப் போடுங்கள். கார்புரேட்டர் அடித் திருகுகளை ஒரே பக்கமாக இறுக்கினால் அடித்தட்டு வளைந்து புதுக் கசிவு உண்டாகும்.

நேயர்களே, இன்று மலாக்காவின் பல தோட்டங்களில் பால்மரம் போய் எண்ணெய்ப் பனை வந்துவிட்டது. உலகில் இயற்கை ரப்பரை மிகுதியாக விளைவிக்கும் நாடு இன்று தாய்லாந்து. நம்மில் பலர் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கும் வந்துவிட்டோம். ஆனால் நம் பாட்டி பால் வாளி சுமந்த காலத்தில் அவருக்குக் கிடைக்காத ஒரு வாய்ப்பு நமக்கு உண்டு. தன் கையால் எடுத்த பாலின் விலையை அவரால் கேட்க முடியவில்லை, அது போன இடமும் அவருக்குத் தெரியவில்லை. நாம் கேட்கலாம். பட்டறையில் ஒருவர், இதை மாற்ற வேண்டும் என்று சொன்னால், எப்படிக் கண்டீர்கள், எங்கே கசிகிறது, காட்டுங்கள் என்று பணிவோடு கேட்கலாம். நேர்மையான தொழிலாளி மகிழ்ச்சியோடு காட்டுவார். மாற்றிய பழைய பொருளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

முன்னே சொன்ன குடும்பத்தில் அந்த வெடித்த குழாயை எறியவில்லை. அடகுச் சீட்டோடு ஒரு டப்பாவில் போட்டு வைத்தார்கள். ஏழு மாதம் கழித்து வளையல்கள் மீண்டு வந்தன. மாதாமாதம் மருத்துவமனைப் பயணமும் தடையின்றி நடந்தது. மூத்த மகன் இப்போது அந்தக் காரை ஓட்டும்போது, சந்திப்பில் நின்றால் வானொலியின் ஒலியைக் குறைத்துவிட்டு எஞ்சினைக் கேட்கிறானாம். நாமும் நம் வண்டியின் மூச்சைக் கேட்கப் பழகிக் கொள்வோம்.